மூடியைச் சாத்தியும் லேப்டாப் தூங்கவில்லை: லினக்ஸ் கெர்னல் செய்வது நியாயமா?

மஞ்சக்குப்பம்: நேற்று புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மூடியைச் சாத்திப் பையில் வைத்தேன். கன்னியக்கோயில் தாண்டும்போதே மடி சுட்டது, ஃபேன் இரைச்சல் வேறு. சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவான லாகைப் பார்த்தால், தூங்கும் முன் ப்ராசஸ்களை (ஓடும் ப்ரோக்ராம்களை) கெர்னலால், அதாவது லினக்ஸின் மையப் பகுதியால், 20 விநாடியில் உறைய வைக்க முடியவில்லை, 1 டாஸ்க் மறுக்கிறது என்று ஒரு வரி. ஒரே ஒரு ப்ராசஸ் அடம்பிடித்தால் மொத்த மெஷினும் விழித்திருக்குமா? அதைக் கொன்றுவிட்டுத் தூங்க வேண்டியதுதானே?

முத்தியால்பேட்டை: கொல்ல முடிகிற ப்ராசஸாக இருந்தால் பெரும்பாலும் அது உறைந்தே இருக்கும். சிக்னல் வந்ததுபோல் பொய்யாகக் காட்டித்தான் கெர்னல் எல்லாரையும் எழுப்புகிறது. எழுந்தது கெர்னலிலிருந்து யூசர் பக்கம், அதாவது தன் சொந்த வேலைக்கு, திரும்புகிற வழியில் தானே போய் உறைந்துகொள்ளும். டி நிலையில், அதாவது கேட்ட பதில் வரும்வரை எழாத காத்திருப்பில், கிடப்பதன் காதில் அந்தப் பொய்ச் சிக்னல் விழாது. உங்கள் லாகில் அந்த ப்ராசஸின் பெயர் இருக்குமே, என்ன அது?

வில்லியனூர்: பெயர் கிடக்கட்டும். ராமில் தூங்கும்போது நினைவகம் அப்படியேதானே இருக்கிறது, உறைய வைப்பதே எதற்கு? 2007-லேயே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேட்ட கேள்வி இது. நினைவகத்தை டிஸ்கில் எழுதிவிட்டு மெஷினை அணைக்கும் ஹைபர்னேட் என்றால் புரிகிறது. நினைவகத்தைப் படம் எடுத்தபிறகு எவனாவது டிஸ்கில் எழுதினால் ஃபைல் சிஸ்டமே நாறிவிடும்.

முத்தியால்பேட்டை: டிஸ்க் படுத்த அடுத்த நொடி ஒரு ப்ராசஸ் ஃபைல் கேட்டால்? அதைச் சமாளிக்கிற வேலையை டிவைஸை ஓட்டும் ஒவ்வொரு டிரைவர் கோடையும் எழுதுபவர் தலையிலும் கட்டுவீர்களா? அதற்குத்தான் முதலில் யூசர் ப்ராசஸ்கள், அப்புறம் உறைய ஒப்புக்கொண்ட கெர்னல் த்ரெட்கள் (கெர்னலின் சொந்த வேலையாட்கள்) மட்டும், கடைசியில் டிவைஸ்கள்.

ஓ.டி. ஆள்: எங்கள் கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகெல்லாம் கரைக்கு வர வேண்டும். ஒரு படகு வராததற்காகப் புயலைத் தள்ளிப்போடுவார்களா?

முத்தியால்பேட்டை: புயல் தானாக வருவது அண்ணே. தூக்கம் நாம் வரவழைப்பது, தள்ளிப்போடலாம். வராத படகு, அதாவது உறையாத ப்ராசஸ், மற்றவர்கள் காத்திருக்கும் எந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

மஞ்சக்குப்பம்: பெயர் பார்த்தேன். சிபி, ஃபைல் காப்பி செய்யும் கமாண்ட். ஆபீஸ் சர்வரை எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸில் (தூரத்து ஃபோல்டரை இங்கே இருப்பதுபோல் காட்டுவது) மவுன்ட் செய்து வீடியோ காப்பி போட்டிருந்தேன், மறந்தே போனேன்.

முத்தியால்பேட்டை: அதுதான். அந்த மவுன்ட்டை நடத்துவதும் ஒரு யூசர் ப்ராசஸ். யார் முன்னால் உறைவது என்று யூசர் ப்ராசஸ்களுக்குள் வரிசை கிடையாது. அது முந்திக்கொண்டு உறைந்துவிட்டது, சிபி அதன் பதிலுக்காகக் காத்தே கிடக்கிறது.

வில்லியனூர்: பார்த்தீர்களா? பதில் சொல்கிறவனை முதலில் தூங்க வைப்பது கெர்னல், பழி சிபி மேல். இது ஓட்டைதான்.

முத்தியால்பேட்டை: ஓட்டைதான், மறுக்கவில்லை. எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் போல யூசர் ப்ராசஸ் நடத்தும் ஃபைல் சிஸ்டங்களுக்கான ஃப்யூஸைக் கெர்னல் ஆவணத்திலேயே சொல்லித்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்காக உறைய வைப்பதையே தூக்கிவிடு என்பது சரியா?

ஓ.டி. ஆள்: அந்த 20 விநாடியைக் குறைக்கலாமே?

முத்தியால்பேட்டை: அந்த நேரத்தை வைத்திருக்கும் பிஎம்_ஃப்ரீஸ்_டைம்அவுட் என்ற கெர்னல் அமைப்பில் 2000 மில்லி விநாடி எழுதினால் சீக்கிரமே கைவிரித்துவிடும், அவ்வளவுதான். தூங்கும் முன் மவுன்ட்டைக் கழற்ற, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு ஸ்க்ரிப்ட் போடுங்கள். சோதிக்க பிஎம்_டெஸ்ட் என்ற கெர்னல் அமைப்பில் ஃப்ரீசர் என்று எழுதித் தூங்கச் சொன்னால், உறைய வைத்து 5 விநாடி கழித்து எழுப்பிவிடும்.

வில்லியனூர்: அதாவது கெர்னலின் தப்புக்கு மஞ்சக்குப்பம் ஸ்க்ரிப்ட் எழுத வேண்டும். சரி, சரி.

மஞ்சக்குப்பம்: சோதித்தேன். காப்பி ஓடாதபோது உறைகிறது, ஓடும்போது மறுக்கிறது. வீடியோ முழுசாக வந்திருக்கிறது, பையில் ஓடிய ஓட்டம் அதற்குத்தான் போல.