சேதராப்பட்டில் கிடைத்த சுறாப்பல்

சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பாலானது என்பதால் அது செத்தபின் பெரும்பாலும் பற்களே மிஞ்சுகின்றன. வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் பற்களை உதிர்த்துக்கொண்டே இருக்கும் உயிரினம் அது. ஆகவே பழைய கடற்படிவு வெளித்தெரியும் இடத்தில் பல் அகப்படுவது அதிசயமன்று. புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர், சேதராப்பட்டுப் பகுதியில் கிரிட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்த, அதாவது ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, கடற்படிவுகள் உள்ளன. இங்கே கே, கன்லிஃப் என்னும் இருவர் திரட்டிய மீன் எச்சங்களை எகெர்ட்டன் என்னும் ஆங்கிலேயப் புதைபடிவ ஆய்வாளர் 1845ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதியிருக்கிறார்.

சேதராப்பட்டுக்கு அருகே பண்ணைக்குட்டை வெட்டிக் கொட்டிய மண்மேட்டை, மழை ஓய்ந்த பின் ஒருநாள் கிளறிப் பார்த்தேன். அனுமதி கேட்டபோது, “சிப்பிக்கல்லுதானே, வேணுங்கிறத எடுத்துக்குங்க தம்பி” என்றார் நிலத்துக்காரப் பெரியவர். சிப்பித் துண்டுகளுக்கு நடுவே கட்டைவிரல் நக அளவில், பழுப்பு நிறத்தில், வேர் சிதையாத பல் ஒன்று கிடைத்தது. நிறத்தை நான் பொருட்படுத்தவில்லை. அது புதைந்திருந்த மண்ணின் கனிமங்களால் வருவது, வயதைச் சொல்லாது.

விளிம்பில் நகத்தை ஓட்டினால் ரம்பம்போல் உரசியது. பல்முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் பின்புறம் ஒரு வெட்டு இருந்தது. இதே படிவுகளில் எதிர்பார்க்கக்கூடிய, கிரெட்டாலம்னா என்னும் அழிந்துபோன சுறாவாக இருந்தால் விளிம்பு வழவழப்பாகவும், நடுமுனையின் இருபுறமும் சிறு பக்கமுனைகளோடும் இருந்திருக்கும். எனவே ஸ்குவாலிகோராக்ஸ் என்னும் மற்றோர் அழிந்துபோன சுறா என்றே நினைத்தேன். ஆனால் இன்றைய புலிச்சுறாவின் பல்லும் ஏறத்தாழ இதே வடிவம்தான் என்பதால், கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீனவர் ஒருவர் காயவைத்திருந்த தாடையோடு ஒப்பிட்டேன். புலிச்சுறாப் பல்லின் வேரில், உட்புறத்தின் நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. என்னிடம் இருந்த பல்லில் அது இல்லை, சிறு துளைகள் மட்டுமே இருந்தன. என் ஐயத்தைத் தீர்த்தது இந்த வேர்தான். பலரும் முனையை மட்டும் படம் பிடித்து அனுப்பிப் பெயர் கேட்கிறார்கள். வேரின் உட்புறப் படம் இல்லாமல் இனத்தைச் சொல்வது பெரும்பாலும் ஊகமே.

கழுவுவதற்குத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். சுண்ணாம்பை நீக்குவதாக எண்ணிக் கடும் அமிலத்தில் போட்டால் பல்லும் சேர்ந்து அரிக்கப்படும். எடுத்த இடத்தை அன்றே சீட்டில் எழுதி உடன் வைப்பது அதைவிட முக்கியம், ஏனெனில் படிவு தெரியாத பல்லுக்கு வயது சொல்ல வழியில்லை.

அருகிலுள்ள திருவக்கரைக்குப் போய்த் தேடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே இருப்பது கடலூர் மணற்கல் எனப்படும் பாறையடுக்கில் புதைந்து கல்லான மரங்கள். பாதுகாக்கப்பட்ட தேசியக் கல்மரப் பூங்கா என்பதால் அங்கிருந்து எதையும் எடுக்கவும் கூடாது.