அவுரங்காபாத் பல்கலைக்கழக வாசலில் சந்தித்த பெரியவர்

மாணவர் போராட்டங்களில் நேரில் பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். நான் சொல்லப்போவது மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைக் கேட்டு நடந்த போராட்டம். அது நடந்தபோது நான் குழந்தை. ஆனால் அதில் நின்ற ஒருவரோடு ஒரு பகல் முழுக்கப் பேசியிருக்கிறேன். ஆய்வுப் படிப்புக்காக அவுரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) தங்கியிருந்த காலம் அது.

ஜனவரி 14. விடுதியில் நாங்கள் இரண்டு மூன்று தமிழ்ப் பசங்க பொங்கல் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தால் பல்கலைக்கழக நுழைவாயிலில் கால் வைக்க இடமில்லை. நீலக் கொடிகள், தரையில் விரித்த புத்தகக் கடைகள், ஊர் ஊராக வந்து இறங்கிய குடும்பங்கள். டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் என்ற பெயர் கிடைத்தது 1994இல் அதே நாளில்தான். வருஷா வருஷம் வருகிறார்கள்.

அந்த வாசல் தூணை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் ஒரு பெரியவர். பர்பணிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். என் அரைகுறை மராத்தியைச் சகித்துக்கொண்டு பேசினார். சோள ரொட்டியும் மிளகாய்த் தொக்கும் கொடுத்தார்.

1978இல் அவர் மிலிந்த் கல்லூரி மாணவர். அம்பேத்கர் 1950இல் அந்த ஊரில் தொடங்கிய கல்லூரி அது. பல்கலைக்கழகம் வந்ததே அதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான். ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த மராத்வாடா வட்டாரத்தில் படிப்பு வாசனையே எட்டாமல் கிடந்த சனங்களின் பிள்ளைகள் அங்கே படித்து, பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைக் கேட்டார்கள். அந்த ஜூலை 27இல் மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் அப்படிப் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேற்றின. கையோடு கலவரம். மராத்வாடா கிராமங்களில் தலித் வீடுகள் எரிந்தன. நாந்தேட் மாவட்டம் டெம்பூர்ணியில் போச்சிராம் காம்ப்ளே கொல்லப்பட்டார். அரசு தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது.

பெரியவர் வீடும் எரிந்தது. "தகரப் பெட்டியில என் பத்தாவது மார்க் ஷீட் இருந்தது. வீடு போனதைவிட அதுக்குத்தான் எங்கப்பா அழுதார்" என்றார். மறுவருஷம் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாக்பூர் தீட்சாபூமியிலிருந்து தலித் தலைவர் ஜோகேந்திர கவாடே தலைமையில் அவுரங்காபாத்துக்கு நடைப்பயணம் கிளம்பியது. இவர் நடுவழியில் போய்ச் சேர்ந்து கைதானார்.

எதிர்த்த மாணவர்களைப் பற்றிக் கேட்டேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பன் பேச்சை நிறுத்திவிட்டானாம். "நிஜாமை எதிர்த்து அவங்க அப்பன் பாட்டன் ஜெயிலுக்குப் போனவங்க. மராத்வாடாங்கிற பேரு அவங்களுக்கு மானம். அதில நியாயம் இருக்கு தம்பி. அதுக்கு எங்க வீட்டை ஏன் கொளுத்தணும்?"

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

கடைசியில் 1994இல் மராத்வாடாவை எடுக்காமலே அம்பேத்கர் பெயரைச் சேர்த்தார்கள். அதே வருஷம் நாந்தேடில் தனிப் பல்கலைக்கழகம் பிரிந்தது. நிஜாமுக்கு எதிரான போராட்டத்தை நடத்திய சுவாமி ராமானந்த தீர்த்தரின் பெயர் அதற்கு, மராத்வாடாவும் சேர்த்து. பாதி வெற்றிதான் என்று இன்றும் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. பெரியவர் அப்படிச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் அந்த 16 வருஷத்தின் மேல்தான். தீர்மானம் போட்டவர்களே அதைச் சட்டமாக்கத் துணியவில்லை. 1993இல்கூட நாந்தேடில் கௌதம் வாக்மாரே இந்தப் பெயரைக் கேட்டுத் தீக்குளித்தார். 1978இலேயே இரண்டு பெயரையும் சேர்த்து வைக்க எது தடுத்தது? சட்டமன்றத் தீர்மானத்தைத் தெருக் கலவரம் நிறுத்திவிட முடியும் என்று அரசே காட்டிக்கொடுத்தது. இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது மகளின் போட்டோவைக் காட்டினார். அதே வாசலில், பட்டமளிப்பு அங்கியோடு. தலைக்கு மேலே பெயர் முழுதாகத் தெரியும்படி போட்டோகிராபரைப் பின்னால் போகச் சொல்லி எடுக்க வைத்தாராம்.

மறுமொழி:

நான் விருதுநகர்க்காரன். படிக்கும்போது 1997 ஞாபகம் வந்தது. வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் என்று அறிவித்ததும் எங்கள் பக்கம் பற்றி எரிந்தது. கடைசியில் அரசு எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. எல்லார் பெயரும் போனதால் சமம் என்று அப்போது பேசினார்கள். எனக்கு அது சமமாகப் படவில்லை. இத்தனை வருஷம் பல பெயர்கள் இருந்தபோது வராத பிரச்சினை, ஒரு தலித் வீரன் பெயர் வந்ததும்தானே வந்தது? அங்கே தாமதமாகவாவது பெயரைச் சேர்த்தார்கள்.

அந்தப் பெரியவர் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் முழுதாக எழுதுங்கள். எதிர்த்தரப்பில் இருந்த அந்த நண்பர் பிறகு பேசினாரா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.