குளத்து மீனுக்கு வேப்பிலை, பூண்டு, மஞ்சள்: நாங்கள் பார்த்தது

தஞ்சாவூர்ப் பக்கம், கெண்டை வளர்ப்பவர்:

50 செண்ட் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 2,000 குஞ்சு விட்டிருந்தேன். கார்த்திகை மழை ஓய்ந்த அடுத்த வாரம், கரையோரம் ஒரு ரோகு தள்ளாடிக்கொண்டிருந்தது. கையால் அள்ளவே வந்துவிட்டது. வயிறு உப்பி, செதிலெல்லாம் சிலிர்த்து நின்றது. துடுப்புக்கு அடியில் ரத்தம் கட்டிய சிவப்பு. ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது. அது குளத்துத் தண்ணீரில் எப்போதும் இருப்பதுதானாம். மழை விழுந்து தண்ணீர் குளிர்ந்து மீன் சோரும்போது ஏறிக்கொள்கிறது.

ஒரு கடையில் பெயர் ஒட்டாத ஆன்டிபயாட்டிக் பொடியைக் கொடுத்தார்கள். வாங்க மனம் வரவில்லை. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் எல்லாம் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யார் சொல்வது? என் பிள்ளைகளும் சாப்பிடுகிற மீன் அது.

சரி, வேப்பிலை என்று இறங்கினேன். 20 லிட்டர் கஷாயம் காய்ச்சி ஊற்றியதில் ஒன்றும் மாறவில்லை. பொறுக்காமல், மூன்றாம் நாள் எட்டு மூட்டை வேப்பிலையை அப்படியே குட்டையில் அமுக்கிவைத்தேன். மறுநாள் போகவில்லை, அதற்கடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போனால், குளம் முழுக்க மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. இலை அழுகி, தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சினோம். அன்று ஒரே காலையில் அறுபது மீன். அதுவரை நோயில் செத்தது பதினைந்துதான்.

அப்புறம் பூண்டைத் தீவனத்தில் கலந்து போட்டேன். அப்போதுதான் விஷயம் உறைத்தது. நோய் வந்த மீன் தீவனத்துக்கே வரவில்லை, நல்ல மீன்தான் வந்து தின்றது. மருந்து வேண்டியதன் வாயில் மருந்து போகவே இல்லை. அதனால் இப்போதெல்லாம் புரட்டாசியிலேயே, எல்லா மீனும் நன்றாகத் தின்னும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். குட்டைக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோ தீவனம் என்றால் 100 கிராம் பூண்டு. நசுக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும், அப்போதுதான் கிருமியைக் கொல்லும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகும். கொதிக்க வைத்தால் போச்சு. மஞ்சள் தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கிவிடும், அதனால் கடலை எண்ணெயில் குழைத்துத் தவிடு, புண்ணாக்கோடு பிசைகிறேன். உருண்டை பிடித்து நிழலில் உலர்த்தி, மூங்கில் தட்டில் வைத்து இறக்குகிறேன். இரண்டு மழை தாண்டிவிட்டது, அந்தச் சிலிர்த்த செதிலை மறுபடி பார்க்கவில்லை.

மீன்வள நுண்ணுயிரியல் படித்தவர்:

அண்ணே, உங்கள் கஷாயம் ஏன் வேலை செய்யவில்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 செண்ட், நாலடி ஆழம் என்றால் சுமார் 24 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் 20 லிட்டர் எந்த மூலைக்குக் காணும்?

எங்கள் ஆய்வகத்தில் வேப்பிலைச் சாற்றில் நனைத்த வட்டத்தாளை ஏரோமோனாஸ் பரப்பிய தட்டில் வைப்போம். மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு தெளிந்த வளையம் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அது எத்தனால் ஊற்றி எடுத்த சாறு. அதே இலையைத் தண்ணீரில் காய்ச்சி வைத்தபோது வளையம் மிகச் சிறியது. தட்டில் கண்ட வளையத்தை நம்பிக் குளத்தில் இலையைக் கொட்டுவது ஆபத்து. வேப்பில் இருக்கும் அசாடிராக்டின் அளவு மீறினால் மீனுக்கே நஞ்சு.

தீவனத்தில் தருவது வேறு வழி. அங்கே பெரும்பாலும் மீனின் எதிர்ப்பு சக்திதான் கூடுகிறது, வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும் வேகம் ஏறுகிறது. ட்ரவுட் மீனுக்குப் பதினான்கு நாள் பூண்டுத் தீவனம் கொடுத்து, அதற்குப் பிறகு ஏரோமோனாஸ் ஏற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. பூண்டு தின்றவற்றில் சாவு வெகுவாகக் குறைந்தது. அதிலும் பூண்டு முதலில், நோய் பிறகுதான். நீங்கள் புரட்டாசியில் தொடங்குவது சரியான நேரம்.

குஞ்சு வளர்க்கும் பெண், கும்பகோணம் பக்கம்:

போன வருடம் நானும் இரண்டு குட்டையில் ஒன்றுக்கு மட்டும் பூண்டு கொடுத்தேன். முதல் இரண்டு நாள் வாசனைக்குக் குஞ்சு கிட்டே வரவில்லை, மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஆனால் அண்ணா, இரண்டு குட்டையிலுமே நோய் வரவில்லை. பூண்டுதான் காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. மீனை நெருக்கமாக விடாமல், அடிச்சேற்றை வாரி, சுண்ணாம்பு போட்டதும் காரணமாக இருக்கலாம். இந்த வருடம் ஒரே குட்டைக்குள் இரண்டு ஹாப்பா (குளத்துக்குள் கட்டும் பெட்டி போன்ற வலைக்கூண்டு) கட்டி, ஒரே தண்ணீரில் வைத்துப் பார்க்கப் போகிறேன். குஞ்சு எடை போட்டு நேற்றே பிரித்து விட்டாச்சு.