உவர்ச்சதுப்பு நத்தையா, கழிநந்தா?

அன்புடையீர்,
வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர உப்புச் சதுப்புகள் பற்றிய பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துத் தரவேண்டும். மெலாம்பஸ் பைடென்டேட்டஸ் என்ற நத்தையில் வந்து நிற்கிறேன். ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு நிறம். ஆங்கிலத்தில் காப்பிக்கொட்டை நத்தை என்றும் சொல்கிறார்கள். 'உவர்ச்சதுப்பு நத்தை' என்று போட்டுவிடவா?
– மொழிபெயர்ப்பவர்

இவ்வளவு நீளம் எதற்கு? 'கழிநந்து' போதும். கழி என்றால் உப்பங்கழி, நந்து என்றால் நத்தை. 'நந்தும் முரளும் ஈரறிவினவே' என்பது தொல்காப்பியம். நந்துதல் வளர்தல், சுற்றுச்சுற்றாக ஓடு வளர்வதால் நந்து. புறநானூறு 266இல் 'சுரிமுக ஏற்றை', அதாவது ஆண் நந்து, ஆம்பல் இலை நிழலில் பகலிலேயே மணம் செய்கிறது!
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, நந்துதலுக்குக் கெடுதல் என்றும் பொருள் உண்டே! அந்த ஏற்றையும் இங்கே செல்லாது. மெலாம்பஸ் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் சேர்ந்த உயிர். கழியும் ஒத்துவராது. இதற்குச் செவுள் இல்லை, நுரையீரல்தான். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறினால் புல்தண்டைப் பிடித்து மேலே போய்விடும். தண்ணீருக்குப் பயந்த பிராணிக்குக் கழி என்று பெயரா? ஆனால் கடலை அடியோடு விட்டுவிடவும் இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் முட்டையிடும். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அடுத்த பெரிய ஓதம் வந்து நனைக்கும்போது பொரிந்து, லார்வாக்கள் நீந்திப் போகும்.
– விலங்கியல் ஆசிரியை

அப்படியானால் 'குளம்பிநத்தை'. காப்பிக்கொட்டை குளம்புபோலப் பிளந்திருப்பதால் அது குளம்பி. இந்த நத்தையின் வாயும் ஒடுங்கிய பிளவுதான். மெலாம்பஸ் என்றால் கிரேக்கத்தில் கருங்கால். குளம்பும் காலில்தானே இருக்கிறது!
– தனித்தமிழ் அன்பர்

பிள்ளைகள் மாட்டின் காலடியில் போய்த் தேடுவார்கள். 'காப்பிக்கொட்டை நத்தை' என்றால் படித்த உடனே உருவம் தெரியும்.
– விலங்கியல் ஆசிரியை

காப்பி தமிழா?
– தனித்தமிழ் அன்பர்

(இதன்பின் பதினொரு மடல்கள் காப்பியைப் பற்றி. நத்தை வரவில்லை.)

ஒரு சிக்கல். அதே சதுப்புப் புல்லில் லிட்டோராரியா இரொரேட்டா என்ற இன்னொரு நத்தையும் ஏறுகிறது. அதற்குச் செவுள் உண்டு, ஓட்டின் வாயை அடைக்க மூடியும் உண்டு. புல்லைச் சுரண்டிக் காயப்படுத்தி, அந்தக் காயத்தில் பூஞ்சை வளர்ந்ததும் தின்கிறது. கிட்டத்தட்ட விவசாயம். இரண்டையும் 1822இல் விவரித்தவர் தாமஸ் சே என்ற ஒரே ஆள். 'உவர்ச்சதுப்பு நத்தை' என்றால் எதைச் சொல்கிறோம்?
– களப்பணியாளர்

சரி, வியாழன் இரவு ஆகிவிட்டது. ஐந்து பேர் காப்பிக்கொட்டை, மூவர் உவர்ச்சதுப்பு. முதல் இடத்தில் 'காப்பிக்கொட்டை நத்தை' என்று போட்டு, கூடவே அறிவியல் பெயரையும் தருகிறேன். நன்றி.
– மொழிபெயர்ப்பவர்

அடைப்புக்குறிக்குள்ளாவது 'நந்து' போடுங்கள்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்