சவேரியார் கல்லூரியும் சுடலைமாடனும்: யார் கணக்கில் எழுதுவது?

பொருநைக்கரையான்:
எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் நேற்று ஒரே சண்டை. அக்கா மகள் தமிழ் படிக்க வேண்டும் என்கிறாள், வீட்டில் பி.காம். போ என்கிறார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் கலைப்பிரிவு என்ன சாதித்தது என்று தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை.

1923-ல் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையினர் தொடங்கிய கல்லூரி. எண்பதுகளின் கடைசியில் அங்கே நாட்டார் வழக்காற்றியலுக்கென்று, அதாவது மக்களின் கதை, பாட்டு, சடங்கு, பழக்கங்களை ஆராயும் படிப்புக்கென்று, தனி ஆய்வு மையம் வந்தது, எம்.ஏ. படிப்பும் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான தமிழ்த்துறைகளில் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் என்ன மரியாதை இருந்தது? மானுடவியலும் மொழியியலும் படித்த கையோடு பையன்கள் கோயில் கொடைவிழாவுக்கு டேப் ரெக்கார்டர் தூக்கிக்கொண்டு போனார்கள். தமிழ்நாட்டில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் கலைப்பிரிவு செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

மாடன்துணை:
வந்துவிட்டேன் அண்ணாச்சி. விதை போட்டது ஒருத்தர், அறுவடைக் கணக்கு இன்னொருத்தர் பேரில் என்றால் எப்படி? நாட்டார் பாடல்களைத் திரட்டிய ஆய்வாளர் நா. வானமாமலை 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969-ல் 'ஆராய்ச்சி' இதழ். கட்டபொம்மன் கதைப்பாடலையும் முத்துப்பட்டன் கதையையும் பதிப்பித்தார். பிழைப்புக்கு அதே பாளையங்கோட்டையில் ஒரு டுடோரியல் கல்லூரி. பின்னால் மறைமாவட்டம் கிடையாது, வெளிநாட்டுப் பணமும் கிடையாது. 1980-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். உங்கள் மையம் வருவதற்குப் பல வருஷம் முன்னால்.

பொருநைக்கரையான்:
நா.வா.வை யார் மறுத்தது? ஒரு மனிதர் தொடங்கியதை நிறுவனம் தொடராவிட்டால் அவரோடு முடிந்துவிடும். துறை, பட்டம், பாடத்திட்டம், அதில் படித்து வெளியே வருகிற ஆட்கள், இதெல்லாம் வேண்டாமா?

வாத்தியாரம்மா:
இரண்டு பேருமே பேராசிரியர் தே. லூர்துவை விட்டுவிட்டீர்கள். சவேரியார் கல்லூரித் தமிழ்த்துறையில் இருந்தவர் அவர். நான் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள், அவருடைய 'நாட்டார் வழக்காற்றியல்: சில அடிப்படைகள்' இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நாம் எல்லோரும் 'நாட்டுப்புறவியல்' என்று சொல்லிப் பழகியவர்கள். அவர் அதை ஏற்கவில்லை. நாட்டுப்புறம் என்றால் கிராமம் என்று ஆகிவிடும். அப்படியானால் நெல்லை ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர் சொல்லும் பேய்க்கதை எதில் சேர்த்தி? ஹாஸ்டல் பையன்கள் வார்டனைக் கிண்டல் செய்து கட்டும் பாட்டு? ஆலன் டண்டிஸ் என்ற அமெரிக்க அறிஞர், பொதுவான ஒரு கூறு இருந்தால் எந்தக் குழுவும் 'நாட்டார்'தான் என்றார். அந்தப் பார்வையைத் தமிழில் வாதாடி நிறுத்தியவர்களில் லூர்து முக்கியமானவர். 'வழக்காறு' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததிலேயே பாதி வாதம் அடங்கியிருக்கிறது. பழக்கம், பேச்சு, கைவினை, வைத்தியம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். என்னைக் கேட்டால் மையத்தின் கட்டடத்தைவிட இந்தச் சொல் பெரிய வேலை.

மாடன்துணை:
அம்மா சொன்னது ஒத்துக்கொள்ள வேண்டியது. லூர்து மேல் எனக்கு வழக்கில்லை. வழக்கு மையத்தின் மேல்தான்.

முதல் கேள்வி, பணம். ஃபோர்டு அறக்கட்டளை கொடுத்தது. உடுப்பியில் எம்.ஜி.எம். கல்லூரியில் இருந்த நாட்டார் கலை மையத்துக்கும் அதே அறக்கட்டளைதான். அமெரிக்கப் பணத்தில் நம் காவல் தெய்வம் சுடலைமாடனைப் பதிவு செய்வதை எப்படிச் சாதனை என்பது? இரண்டாவது, நோக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய சீர்திருத்தக் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தது 1965-ல். அதுவரை பூசையே லத்தீனில்தான். அதற்கப்புறம்தான் உள்ளூர்ப் பண்பாட்டின் மேல் சாமியார்களுக்குத் திடீர்ப் பாசம். கோயிலுக்குள் பறை வந்தது, கும்மி வந்தது. ஜனங்களின் சடங்கைப் படித்தால் ஜனங்களைப் பிடிப்பது சுலபம். தியாபிலஸ் அப்பாவு பறையடித்துப் பாட்டு எழுதியதும் இதே கத்தோலிக்கத் திட்டம்தானே?

அரசரடிக்காரன்:
ஒரே ஒரு திருத்தம், அப்புறம் போய்விடுகிறேன். அப்பாவு கத்தோலிக்கர் இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்தவர், அது சீர்திருத்த சபைகளின் கல்லூரி. எல்லாச் சாமியாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

மாடன்துணை:
சரி, அது என் தப்பு. மீதி நிற்கிறது.

பொருநைக்கரையான்:
மீதியும் நிற்காது தம்பி. சேசு சபையில் தமிழ் படிப்பது வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த ஆசை இல்லை. அதே சபைத் துறவி வீரமாமுனிவர் சதுரகராதி என்ற தமிழ் அகராதியைச் செய்தது 1732-ல்.

மாடன்துணை:
எதற்கெடுத்தாலும் வீரமாமுனிவரை எழுப்பிக் கொண்டுவருவதை என்றைக்கு நிறுத்தப் போகிறீர்கள்? அவர் வேதம் பரப்ப வந்தவர், அதை மறைத்ததே இல்லை. நான் கேட்டது இந்த மையத்தை.

பழைய பெஞ்ச்:
அந்த எம்.ஏ.வைப் படித்தவன் நான். தொண்ணூறுகளின் நடுவில். நோக்கம் கீக்கம் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

களப்பணிக்காக ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போனோம். கணியான் கூத்து. தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாடுகிறார், பெண் வேடம் கட்டிய இருவர் ஆடுகிறார்கள், பின்னால் மகுடம் என்ற தோல்கருவி இரண்டு. ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோல் தளர்ந்துவிட்டால் ஓலையைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுவார்கள், சத்தம் திரும்ப ஏறும். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடையில் கணியான் தன் கையைக் கீறி ரத்தம் விடும் நேரம் வந்தது. என்னோடு வந்தவன் தினம் திருப்பலிக்குப் போகிற பையன். மைக்கைப் பிடித்திருந்த கை நடுங்குகிறது. அவனை யாரும் கும்பிடச் சொல்லவில்லை, கேலி செய்யவும் விடவில்லை. மறுநாள் வகுப்பில் வந்த முதல் கேள்வி: "ரத்தம் விடும்போது மகுடத்தின் தாளம் மாறியதா?" எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை. டேப்பைத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். மாறியிருந்தது.

மதம் மாற்றப் படித்தேன் என்றால் நான் என்ன சொல்ல? நான் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன். சுடலைமாடன் கோயிலுக்குள் முதல் தடவை உட்கார வைத்ததே அந்தப் படிப்புதான். எங்கள் வீட்டில் "அந்தப் பக்கம் போகாதே" என்றுதான் வளர்த்தார்கள்.

வாத்தியாரம்மா:
இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அப்பா. அங்கே பாடம் நடத்தியவர்கள் எல்லோரும் அங்கி போட்ட சாமியார்களும் இல்லை. எம்.டி. முத்துக்குமாரசாமி அங்கே இருந்தவர்தான். 1997-ல் சென்னையில் தேசிய அளவில் ஒரு நாட்டார் வழக்காற்றியல் மையம் தொடங்கியபோது இயக்குநரானார். அதற்கும் ஃபோர்டு பணம் வந்தது என்று மாடன்துணை சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மாடன்துணை:
வாயை அடைத்துவிட்டீர்கள் அம்மா.

சரி, மதமாற்றப் பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பணத்தைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. நிதியோடு வருகிற துறை, நிதி நின்றால் என்ன ஆகும் என்பது எல்லாக் கல்லூரிக்குமான கேள்வி. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. என் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். எத்தனையோ பேர் வந்து பதிவு செய்தார்கள். எந்தக் கல்லூரி என்றுகூட எங்களுக்குத் தெரியாது, இது சவேரியார் என்று நான் சொல்லவில்லை. ஆய்வேடு வந்தது, பட்டம் வந்தது, ஒரு பிரதி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஓர் ஆய்வேட்டில் "குடம் அடிப்பவர்" என்று மட்டும் போட்டு ஒரு போட்டோ இருந்தது. அது தாத்தா என்று அவர் கடுக்கனைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

பொருநைக்கரையான்:
அது தப்புதான். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதைத் தப்பு என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததும் இந்தத் துறைதான். பாடுகிறவர் பெயர், வயது, ஊர், யாரிடம் கற்றார் என்று குறிக்காத பதிவு பதிவே இல்லை என்பது களப்பணியின் முதல் பாடம்.

மாடன்துணை:
பழைய பெஞ்ச் அண்ணாச்சி, நீங்கள் அந்த முதல் பாடம் படித்தவர். அந்தக் கொடை டேப் இன்னும் இருக்கிறதா?

பழைய பெஞ்ச்:
ஒரு பிரதி வீட்டில் இருக்கிறது. பரணில் இருந்து இப்போதுதான் இறக்கினேன். 90 நிமிஷக் கேசட். பிளேயர்தான் இல்லை.

மாடன்துணை:
மேல் அட்டையில் அண்ணாவி பெயர் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

பழைய பெஞ்ச்:
ஊர் இருக்கிறது. தேதி இருக்கிறது. 'சாமக்கொடை, இரண்டாம் பக்கம்' என்று இருக்கிறது.

பெயர் எழுதவில்லை தம்பி. என் தப்பு.

வாத்தியாரம்மா:
ஊர் இருக்கிறதல்லவா? சித்திரையில் கொடை வரும். போய்க் கேளுங்கள். பிளேயர் என்னிடம் இருக்கிறது, இழுத்து இழுத்துச் சுற்றும், ஆனால் சுற்றும்.

மாடன்துணை:
நானும் வருகிறேன். பெட்ரோல் செலவு அண்ணாச்சியுடையது.