மறு: கோணமானியின் இரண்டு எண்வரிசைகளுக்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோணமானியின் வளைவில் எதிரெதிர்த் திசையில் ஏறும் இரண்டு எண்வரிசைகளில் உள்ளே இருப்பதை 'அகவரிசை', வெளியே இருப்பதை 'புறவரிசை' என்று அழைக்கலாம் என்ற யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோணமானியைக் கையில் எடுத்தவருக்கு எதைப் படிப்பது என்பதுதான் குழப்பம். அதை இந்தப் பெயர்கள் தீர்ப்பதில்லை. பல கோணமானிகளில் வெளிவரிசை இடக்கோடியில் 0 என்று தொடங்கும். சிலவற்றில் அதே வெளிவரிசை வலக்கோடியில் தொடங்கும். 'உள்வரிசையைப் பார்' என்று எழுதிவைத்தால், வேறு கோணமானி கைக்கு வந்ததும் தப்பாகிவிடும்.

முந்தைய மடலில் வந்த 'வலஞ்சுழி' (கடிகார முள் சுற்றும் திசை), 'இடஞ்சுழி' (அதற்கு எதிர்த்திசை) என்ற பெயர்கள் இதைவிடத் துல்லியம்தான். ஆனால் வலஞ்சுழியாக ஏறும் எண்கள் தொடங்குவதோ இடப்பக்கத்தில்! 'வல' என்று காதில் விழுந்ததும் கண் எந்தப் பக்கம் போகும்?

அதனால் 0 இருக்கும் பக்கத்தை வைத்தே பெயரிடலாம் என்கிறேன்: வலமுதல் வரிசை, இடமுதல் வரிசை. கோணத்தின் ஒரு கதிர் 0 கோட்டின்மேல் (இருபக்கத்து 0களையும் இணைக்கும் கோடு) வலப்பக்கமாகக் கிடக்கிறது. மற்றது வளைவை வெட்டும் இடத்தில் 50, 130 இரண்டும் அச்சாகியிருக்கின்றன. கிடக்கும் கதிர் வலப்பக்கம், ஆகவே வலமுதல் வரிசை. அதில் இருப்பது 50. விடை 50 பாகை. அவ்வளவுதான்.

"குறுங்கோணமா விரிகோணமா என்று பார்த்தாலே தெரியுமே, பெயர் எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். 50க்கு அது சரி. ஒரே கோட்டில் நிற்கும் இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 180. 90இல் மட்டும் இரண்டும் ஒன்று. எனவே செங்கோணத்தில் வரிசையை மாற்றிப் படிக்கும் தவறு வரவே வராது. ஆனால் செங்கோணத்தை ஒட்டி, 88ஐ 92 என்று படித்துவிட்டால் கண் காட்டிக்கொடுக்காது. அங்கேதான் வரிசையின் பெயர் கைகொடுக்கும்.

அப்புறம், அந்த 0 கோட்டுக்கு 'அடிக்கோடு' என்று பெயரிடும் யோசனையை நான் ஏற்கவில்லை. சொல்லுக்குக் கீழே இழுக்கும் கோட்டுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. போதாக்குறைக்கு, அது பார்வையைப் பிளாஸ்டிக்கின் அடிவிளிம்புக்கு இழுக்கிறது. பெரும்பாலான கோணமானிகளில் 0 கோடு விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும். விளிம்பைக் கதிரில் பொருத்தினால் கோணமானியின் நடுப்புள்ளி கோணத்தின் முனையில் உட்காராது, எடுக்கும் அளவும் பிசகும். 'சுழியக்கோடு' என்றால் 0 இருக்கும் இடத்தையே சொல்லிவிடும்.

பின்வளை கோணத்துக்கு (180 பாகைக்கு மேற்பட்டது) தனி வரிசைப் பெயர் வேண்டுமா என்ற கேள்விக்கு: வேண்டாம். அரைவட்டக் கோணமானி 180இல் நின்றுவிடும். எதிர்ப்பக்கத்துச் சிறிய கோணம் 110 என்றால் 360இல் கழித்து 250 என்று எழுதப்போகிறோம். முழுவட்டக் கோணமானியிலும் இரண்டு வரிசை இருந்தால் மேலே சொன்ன பெயர்களே போதும்.

'வரிசை'க்குப் பதில் 'அளவு' என்றாலும் எனக்குச் சம்மதமே. 'அளவுகோல்' மட்டும் வேண்டாம். ஜியோமெட்ரி பாக்ஸில் கோணமானிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயரில் வேறொன்று கிடக்கிறது.