கோப்புப் பகிர்வுக்குக் கட்டணம் செலுத்திவிட்டால் ஆபத்து இல்லையா?

நெய்தல்:
பயனர்கள் தங்கள் கணினிகளிலுள்ள பாடல் முதலிய கோப்புகளை ஒருவருக்கொருவர் நேரடியாக வழங்க உதவும் பகிர்வு மென்பொருள்களில், இலவசமாகக் கிடைப்பவற்றில்தான் ஆபத்து, சந்தா கட்டியவருக்குக் கவலை இல்லை என்று இங்கே சிலர் எழுதிவருகிறார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 2003 செப்டம்பரில் அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்கள் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தன. அவர்களில் நியூயார்க் நகரத்தின் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவளுடைய தாய் கசா என்ற கோப்புப் பகிர்வுச் சேவைக்கு ஏறத்தாழ 30 டாலர் கட்டியிருந்ததால், பாடல்களை இறக்கிக்கொள்வது முறையானதே என்று அந்தக் குடும்பம் நம்பியிருந்தது. கடைசியில் 2,000 டாலர் கொடுத்துத்தான் அவர்களால் வழக்கை முடித்துக்கொள்ள முடிந்தது. அந்த 30 டாலர் மென்பொருளுக்கான விலை. பாடலின் உரிமையாளருக்கு அதில் ஒரு காசும் போகவில்லை.

கணக்கர்:
நீங்கள் சொன்ன நிகழ்ச்சியே என் தரப்புக்கு வலுச் சேர்க்கிறது. அதே 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் பாடலுக்கு 99 சென்ட் என்று கடை திறந்தது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2001-இல் முடங்கிய நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவையின் பெயர், 2003 அக்டோபரில் முறையான கட்டணச் சேவையாகத் திரும்பி வந்தது. இரண்டிலும் பணம் கட்ட வேண்டும், கசாவின் கட்டணப் பதிப்புக்கும் பணம் கட்ட வேண்டும் என்னும்போது, ஒரு தாய் எதை வைத்து வேறுபாடு காண்பார்? விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரைத் தண்டிப்பது எந்த வகையில் நியாயம்? மேலும், இத்தொழில்நுட்பமே குற்றம் என்று பேசுவது தவறு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் பதிப்புகள் பல இன்றும் டொரண்ட் என்ற பகிர்வு முறை வழியாக வழங்கப்படுகின்றன. ஒரு நல்ல மென்பொருளுக்கோ வாடகைக்குக் கிடைக்கும் வழங்கிக் கணினிக்கோ (சர்வர்) பணம் கொடுப்பதில் பழுது இல்லை.

நெய்தல்:
தொழில்நுட்பத்தை நான் குறை கூறவில்லை; பணம் கட்டியதால் பிறக்கும் துணிச்சலைத்தான் சொல்கிறேன். இலவச நிரலை நிறுவுபவருக்கு மனத்தின் ஓரத்தில் ஓர் ஐயமாவது இருக்கும், ரசீது வாங்கியவருக்கு அதுவும் போய்விடுகிறது. அந்த நம்பிக்கையை வைத்தே வணிகம் செய்தவர்களும் உண்டு. வேறிடத்தில் இலவசமாகவே கிடைத்த பகிர்வு மென்பொருளை, நூறு விழுக்காடு சட்டப்படியானது என்ற உறுதிமொழியோடு உறுப்பினர் கட்டணம் வாங்கி விற்ற ஓர் இணையதளத்தின்மீது நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி 2005-இல் வழக்குத் தொடுத்தது.

சட்டத்தின் முன்னும் ரசீது பெரிதாக உதவுவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி உரிமைமீறலுக்கு ஒரு படைப்புக்குக் குறைந்தது 750 டாலர் இழப்பீடு உண்டு. அறியாமல் செய்தவருக்கு அதை 200 டாலர் வரை குறைக்க இடமிருக்கிறது. ஆனால், கடையில் விற்கும் இசைக் குறுவட்டின் உறையில் பதிப்புரிமைக் குறிப்பு இருந்தாலே அச்சலுகை கிடையாது என்று 2005-லும் 2010-லும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

பழைய ஒலிநாடா:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த வழக்குகளில் இசை நிறுவனங்கள் குறிவைத்தது பெரும்பாலும் பாடல்களைப் பிறருக்குத் திறந்துவைத்தவர்களை. நாம் இறக்கும் பாடல் பகிர்வுக் கோப்புறையில் சேர்ந்ததும், நாம் கேளாமலே மென்பொருள் அதை உலகுக்கு வழங்கத் தொடங்கிவிடும். கட்டணப் பதிப்பு விளம்பரங்களை நீக்கியது, வேகத்தைக் கூட்டுவதாகச் சொன்னது. இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. கோப்புறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வருமான வரிப் படிவம்கூட வெளியே போகும். தங்கள் ஊழியர், வாடிக்கையாளர் விவரங்கள் இத்தகைய வலைகளில் கசிந்து கிடப்பதாக ஏறத்தாழ 100 அமைப்புகளுக்கு எஃப்டிசி 2010-இல் கடிதம் எழுத நேர்ந்தது.

என் உறவினர் ஒருவர் வாழ்நாள் உறுப்பினர் என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் அட்டை எண்ணைக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது ஓர் இலவச நிரலின் இணைப்பு மட்டுமே. மாதந்தோறும் பணம் கழிவதை நான்காவது மாதத்தில்தான் கவனித்தார்.

கணக்கர்:
கோப்புறை பற்றிய செய்தியை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் பழி யாருக்கு என்பதில் என் கருத்து மாறவில்லை. குரோக்ஸ்டர் என்ற பகிர்வு மென்பொருள் நிறுவனத்தின் வழக்கில் 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உரிமைமீறலைத் தூண்டும் நோக்கத்தோடு மென்பொருளைப் பரப்புவோர் பொறுப்பாவார்கள் என்று ஒருமனதாகச் சொன்னது. லைம்வயர் என்ற இன்னொரு பகிர்வுச் சேவை 2010 அக்டோபரில் நீதிமன்ற உத்தரவால் நின்றது. 2011-இல் இசை நிறுவனங்களுக்கு 10.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நல்லெண்ணத்தோடு அதன் கட்டணப் பதிப்பை வாங்கியவர்களுக்கு அந்தத் தொகையில் பங்கு ஏது? அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே என்று நீங்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

நெய்தல்:
ஏமாற்றப்பட்டவர்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை, கணக்கர் ஐயா. நியூயார்க் தாயும் அப்படித்தான் ஏமாந்தார். ஆயினும் 2,000 டாலரைக் கொடுத்தது அவருடைய குடும்பம்தான். உங்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்காக ஒரு சேவைக்குப் பணம் கட்டியிருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அதில் கிடைக்கும் பாடல்களுக்கு உரிமையாளரின் அனுமதி இருக்கிறதா என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டீர்களா?

கணக்கர்:
இல்லை, கேட்டதில்லை. இன்றே எழுதிக் கேட்கிறேன். பதில் வரும்வரை பகிர்வுக் கோப்புறையை மூடிவைக்கிறேன்.